ஆற்றங்கரைக் கூடாரமும் கழிப்பறையும்

உலு லங்காட், சுங்கை சொங்காக் பக்கம் கூடாரமடிக்கப் போகிறவர்களிடம், எடுத்துச் செல்லும் கழிப்பறை வாங்கச் சொன்னால், "ஓடுகிற தண்ணீர் கழிவை அடித்துக்கொண்டு போய்விடாதா?" என்பார்கள். போகும்தான், லங்காட் ஆற்றுக்கு. அந்த ஆற்று நீரைச் சுத்திகரித்துத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்குக் குழாயில் விடுகிறார்கள். சற்றுக் கீழே குளிக்கும் குழந்தைகளுக்கோ அந்தச் சுத்திகரிப்பும் கிடையாது.

நாறுமே என்பது அடுத்த தயக்கம். கழிவுத்தொட்டி வழியும்வரை விட்டால், நம் வெக்கையில் நாறத்தான் செய்யும். முக்கால் பங்கு நிறைந்ததுமே நிறுத்துங்கள், நிழலில் வையுங்கள், அதற்கென விற்கும் திரவத்தைப் போத்தலில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். பிளீச் மட்டும் வேண்டாம், சிறுநீரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். வீடு திரும்பியதும் கழிவை வீட்டுக் கழிப்பறையில் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள். வாசல் கால்வாயில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீரும் ஆற்றுக்குத்தான் போகிறது.