சர்ப்பகந்தி தந்த பாடம்

கழக்கூட்டம் இரவிலும் விழித்திருக்கும் ஊர். 1990ஆம் ஆண்டு இங்குத் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் பணிபுரிகின்றனர். இங்கு இரவாக இருக்கும்போது அமெரிக்காவில் பகல். ஆகவே, அந்நாட்டு நிறுவனங்களுக்காக உழைப்போர் சிலர் இரவில் பணியாற்றிப் பகலில் உறங்குகின்றனர்.

பகலில் உறக்கம் எளிதில் வருவதில்லை. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கிறது. கண்களில் ஒளி பட்டால் அதன் சுரப்புக் குறைகிறது. இரவில் நெடுநேரம் கைப்பேசியைப் பார்ப்போர்க்கும் இந்நிலை ஏற்படலாம்.

உறக்கத்திற்கு மருந்து தேடும் முயற்சி மிகப் பழைமையானது. சீன மருத்துவர்கள் இலந்தை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் விதையைப் பன்னூறு ஆண்டுகளாகக் கொடுத்து வருகின்றனர். நம் சித்த மருத்துவத்தில் அமுக்கராக் கிழங்கு உண்டு. அதன் அறிவியற்பெயரில் உள்ள ‘சோம்னிஃபெரா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘உறக்கம் தருவது’ என்பது பொருள்.

மரபு மருத்துவமும் நவீன மருத்துவமும் இணைய முடியுமா? சர்ப்பகந்தி என்னும் செடியின் வரலாறு இதற்கு விடை கூறும். மலையாளத்தில் இதனை ‘அமல்பொரி’ என்பர். மனக்கொந்தளிப்பைத் தணிக்கவும் உறக்கம் வரவழைக்கவும் இதன் வேர் நெடுங்காலமாகப் பயன்பட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், ஆயுர்வேதம், நவீன மருத்துவம் ஆகிய இரண்டையும் கற்றவர். அவரும் கார்த்திக் சந்திர போஸும் 1931ஆம் ஆண்டு இவ்வேரின் பயனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். இது மனநோயைத் தணிப்பதோடு உயர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்று அவர்கள் எழுதினர். 1949ஆம் ஆண்டு பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் தாம் கண்ட பயனை ஆங்கிலேய மருத்துவ இதழொன்றில் விளக்கினார். 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து அறிவியலாளர்கள் இவ்வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது உலகெங்கும் மருந்தாயிற்று.

ஆனால், வரலாறு அத்துடன் முடியவில்லை. ரெசர்பின் உண்டவர்களுள் சிலர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர் என மருத்துவர்கள் எழுதினர். இன்று அம்மருந்து அரிதாகவே பயன்படுகிறது. மூலிகையில் கிடைத்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. பழைமையானது என்பதாலேயே அது பயனற்றதும் ஆகிவிடாது. அளவும் ஆய்வுமே உண்மையைக் காட்டுகின்றன.

இரு மருத்துவங்களையும் நாமே கலந்துகொள்வது இணைப்பு ஆகாது. உறக்க மாத்திரை உண்பவர் அமுக்கராச் சூரணத்தையும் சேர்த்து உண்டால், அளவுக்கு மீறிய மயக்கம் ஏற்படலாம். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்பவர்க்கும் இடர் நேரலாம். எனவே, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருத்துவத்தின் நான்கு பகுதிகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். மாணவர்களே, நான்காமவர் நீங்களாகவும் இருக்கலாம். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு மலையாளம் தெரியாது. மருத்துவர்க்குத் தமிழ் முழுமையாகப் புரியாது. அப்போது இரு மொழியும் அறிந்த நீங்கள், பாட்டி உண்ணும் மாத்திரையோடு அவர் பையில் உள்ள சூரணத்தையும் எடுத்துக் கூறுங்கள். அவ்வொரு சொல் அவரைக் காக்கக்கூடும்.

சொற்பொருள்
இயக்குநீர் – சுரப்பிகள் சுரக்கும் நீர், ஹார்மோன்
சூரணம் – மருந்துப் பொடி
மரபு – வழிவழியாக வருவது
இடர் – துன்பம்

பயிற்சி
1. பகலில் உறக்கம் எளிதில் வராதது ஏன்?
2. ரெசர்பின் இன்று அரிதாகவே பயன்படுவதற்குக் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: அவ்வொரு, அறிவியற்பெயர்.
4. உங்கள் வீட்டில் பயன்படும் மூலிகைகள் ஐந்தின் தமிழ்ப் பெயர்களை எழுதி, அவற்றின் மலையாளப் பெயர்களை நண்பரிடம் கேட்டு அறிக.