தளரா உள்ளம்

எலும்பு, தசை முதலியவற்றில் தோன்றும் புற்றுநோயைச் சார்கோமா என்பர். எலும்பில் தோன்றும் அதன் ஒரு வகை, வளரும் பருவத்தினரையே மிகுதியாகப் பற்றும். பெரும்பாலும் முழங்காலை அடுத்துத் தோன்றும். அது தொற்றுநோய் அன்று.

கனடா நாட்டு இளைஞர் டெரி பாக்ஸ் 1958ஆம் ஆண்டிற் பிறந்தவர். கூடைப்பந்தாட்டத்தில் பெருவிருப்பம் உடையவர். 1976ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய வலது முழங்கால் வலித்தது. ஆட்டக்காலம் முடியட்டும் என்று அவர் பொறுத்திருந்தார். 1977 மார்ச்சில் மருத்துவர்கள் அதனை எலும்புப் புற்று எனக் கண்டு, முழங்காலுக்கு மேலே காலை அகற்றினர்.

அறுவைக்கு முதல்நாள் இரவு, பயிற்சியாளர் ஒருவர் அவரிடம் ஓர் இதழைக் கொடுத்தார். செயற்கைக் காலுடன் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தை முடித்த ஒருவரின் வரலாறு அதில் இருந்தது. அச்சிறு செயல் இளைஞர் உள்ளத்தில் விளக்கேற்றியது. மருத்துவமனையில் உடனிருந்து துன்புற்றோரையும் அவர் மறந்திலர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட விரும்பி, 1980 ஏப்ரல் 12இல் கனடாவின் கீழைக் கடற்கரையிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலைப் பற்றவே ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28இல் அவர் உயிர் நீத்தார். எனினும், அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் மக்கள் ஓடிப் பொருள் திரட்டுகின்றனர்.

மாணவர்களே! மூட்டுவலி யாவும் புற்றுநோய் அல்ல. ஆயினும், வாரக்கணக்கில் நீங்காத வலியையும், வளரும் வீக்கத்தையும் மறைத்தல் தகாது. பெற்றோரிடம் கூறி மருத்துவரை நாடுங்கள். காலத்தே கண்டறிந்தால், இன்று பலருக்குக் காலை இழக்காமலே நோய் தீர்க்க இயலும். நோயுற்ற தோழரை விட்டு விலகாதீர்கள். அருகிருந்து கூறும் அன்புமொழியும் அவருக்கு ஒரு மருந்தேயாகும்.