நெஞ்சுவலி வந்தால் எங்கே, எப்படி? போடி மலையடிவார மக்களுக்கு ஒரு பாடம்

இதயநோய் மருத்துவர்களின் மாநாடுகள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நகரத்தில் நடக்கின்றன. செய்தித்தாளில் குத்துவிளக்கு ஏற்றும் படம் வரும், கீழே இரண்டு பத்திச் செய்தி இருக்கும். "நமக்கு இதுல என்ன இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஆனால் அங்கே பேசப்படும் ஒரு விஷயம் போடி, தேவாரம், ராசிங்காபுரம் பக்கம் இருக்கிறவர்களுக்காகவே பேசியது போல இருக்கும். அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு பொருத்தும் முறை 2002-ல் பிரான்சில் தொடங்கியது. அடைத்த குழாயைப் பலூன் வைத்து விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி 1977-ல் சூரிச் நகரில் தொடங்கியது. இவற்றின் அடுத்தடுத்த வளர்ச்சிதான் மாநாடுகளில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் பெரிய சாதனைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் மாரடைப்பு வந்த ஒருவர் அந்தக் கருவி இருக்கும் இடத்திலிருந்து 90 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் நமக்கு முக்கியம்.

கட்டியைக் கரைப்பதா, குழாயைத் திறப்பதா?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி உருவாகி முழுசாக அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப வராது. அடைப்பை நீக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கேத்லேப் உள்ள மருத்துவமனையில் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி. இன்னொன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் என்பவை அந்த வகை.

முதல் வழிதான் சிறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானதிலிருந்து சுமார் 120 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்க முடிய வேண்டும். முடியாது என்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. உள்ளூரிலேயே கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் பார்க்க வேண்டும். ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பயனில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். போடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். ராசிங்காபுரத்திலிருந்து போடி வருவதற்கு ஒரு நேரம். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி மதுரை நெரிசலுக்குள் நுழைய ஒரு நேரம். அங்கே சேர்த்து, பார்த்து, கேத்லேப்புக்குள் கொண்டுபோக இன்னொரு நேரம். 120 நிமிடம் போதவே போதாது. "எதுக்கு இங்கெல்லாம் காட்டிக்கிட்டு, நேரா மதுரைக்கே போயிருவோம்" என்று காரை எடுப்பது பாசத்தால் எடுக்கும் முடிவுதான். ஆனால் பல நேரம் அதுவே ஆளைக் கெடுத்துவிடுகிறது. ஈசிஜி எடுத்து ஊசி போடக்கூடிய அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் போவதுதான் சரி. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில், மதுரை போகும் அதே சாலையில்தான் இருக்கிறது.

இது நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்தது

இந்த இரண்டு கட்ட முறையைத் தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் சோதித்தார்கள். கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு ஒரு சக்கரம் போல இணைத்தார்கள். சக்கரத்தின் ஆரங்களில் ஈசிஜியும் ஊசியும். நடுக் குடத்தில் கேத்லேப். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கவனித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்பாட்டுக்கு முன் வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். ஏற்பாட்டுக்குப் பின் 14.2 சதவீதம். அதாவது நூறு பேரில் கூடுதலாக மூன்று பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். புது மருந்து எதையும் கண்டுபிடிக்காமல், இருக்கிற மருத்துவமனைகளைச் சரியாகக் கோத்ததில் கிடைத்த பலன் இது.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் என்ன கிடைக்கும்?

2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் உரிய அளவில் கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இவை ஏற்கெனவே அடைத்த கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் பெரிதாகாமல் தடுக்கும். அதனால் மாத்திரை போட்டு வலி குறைந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் சிலர் இதை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கானது. இது வேறு.

வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு, முன்பு மூளையில் ரத்தக்கசிவு, அண்மையில் அறுவை சிகிச்சை, ஆஸ்பிரின் ஒவ்வாமை இவற்றில் ஏதாவது இருந்தால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் ஆபத்து.

"வாயுதான்" என்று விட்டுவிடாதீர்கள்

நம் பக்கம் நெஞ்சு அடைத்தால் முதலில் சோடா, அடுத்து சீரகத் தண்ணி, ஏலக்காய் விளையும் ஊர் என்பதால் ஏலக்காய் தட்டிப் போட்ட வெந்நீர். ஏலக்காய்க்கு நல்ல குணமெல்லாம் உண்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் குணம் மட்டும் கிடையாது. நடு நெஞ்சில் பாரம், இடது கை, தோள், தாடை வரை பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு முட்டல் இதெல்லாம் அறிகுறி. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல், மூச்சுத் திணறலாக வரலாம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "களைப்பா இருக்கு, கொஞ்சம் உக்காந்தா சரியாப் போயிரும்" என்று அந்த அக்கா சொன்னாலும் வியர்த்துக் கொட்டினால் நம்பாதீர்கள்.

மலையில் இருக்கும்போது வந்தால் சிக்கல் கூடும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நோயாளியை ஜீப்புக்கு ஏற்றக் காட்டுப் பாதையில் நடக்க விடாதீர்கள், தூக்கி வாருங்கள். நடந்தால் இதயத்துக்கு வேலை கூடும். கேரள டவர் பிடித்திருந்தால் 108 அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். பதற வேண்டாம், அங்கும் 108 சேவை உண்டு. எஸ்டேட் பெயர், அருகிலுள்ள ஊர், பிரதான சாலைக்கு எவ்வளவு தூரம் என்று சொன்னால் போதும். ஆள் மயங்கி மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள்.

இன்றே போனில் செய்து வைக்க

பழைய ஈசிஜி, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தனி ஆல்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஈசிஜியில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, முன்பே இருந்ததா என்று ஒப்பிட மருத்துவருக்கு அது உதவும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் போனில் 108-ஐ முகப்புத் திரையிலேயே வையுங்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் இரண்டும் அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் பதியலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993. சீசன் தொடங்கி வேலை நெருக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நோயாளி ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போது சான்றுக்கு அலைவது யாருக்கும் ஆகாது.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதிகாலை ஜீப்பில் மலை ஏறுகிறவர்கள் ஊழியர் வரும்போது வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால், எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தால் ஆள் இருக்கும் என்று அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.