முரண்படுவதும் வேறுபடுவதும்

வங்கிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தென்படும் சொற்களுள் ஒன்று 'முரண்பாடு'. "என் கையொப்பத்தில் முரண்பாடு இருப்பதாகக் கூறிக் காசோலையைத் திருப்பிவிட்டார்கள்", "ஆதாரில் உள்ள பெயருக்கும் கணக்கில் உள்ள பெயருக்கும் முரண்பாடு உள்ளது", "இம்மாதப் பிடித்தம் எனக்கு முரண்பாடாகத் தோன்றுகிறது" என்றெல்லாம் வாடிக்கையாளர்கள் எழுதுகிறார்கள். எழுதியவர் சொல்ல வந்தது ஒருவாறு விளங்கிவிடுகிறது. ஆயினும் இம்மூன்று வாக்கியங்களிலும் அச்சொல் தனக்குரிய இடத்தில் இல்லை. அதற்குரிய இடம் எது என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

பழந்தமிழில் 'முரண்' என்பதற்கு மாறுபாடு என்ற பொருளோடு பகை, போர், வலிமை என்னும் பொருள்களும் உண்டு. வலிமையுடைய இரண்டு எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தள்ளும் நிலையை அச்சொல் குறித்து வந்துள்ளது. யாப்பிலக்கணத்தில் முரண்தொடை என்று படித்திருப்போம். சொல்லாலோ பொருளாலோ எதிரானவை அடிதோறும் அமைந்து வருவது அது. இருளும் ஒளியும் முரண். இன்பமும் துன்பமும் முரண். மாவும் பலாவும் முரண் ஆகா. அவை வேறு வேறு, அவ்வளவே. ஒரே தோட்டத்தில் இரண்டும் காய்க்கும்.

ஆகவே 'முரண்' என்று எழுதுவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். எதிர்நிற்கும் இரு தரப்புகள் இருக்க வேண்டும். அவை இரண்டும் ஒருசேர நிற்க முடியாத ஒரே களமும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையொப்பத்திற்குப் பொருத்திப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கணக்குத் தொடங்கியபோது இட்ட கையொப்பமும் இன்று இட்டதும் ஒத்திராமல் இருக்கலாம். வயது ஏற ஏறக் கை மாறும். இரண்டும் அவர் இட்டவையே. ஆகவே, "என் கையொப்பம் வங்கிப் பதிவிலுள்ள மாதிரியிலிருந்து வேறுபடுகிறது" என்பதே சரி. அதுபோல, ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னாலும் மற்றோர் ஆவணத்தில் தந்தையின் பெயர் முழுமையாகப் பின்னாலும் இருப்பது பெயர் வேறுபாடு. பிறந்த தேதியோ அப்படிப்பட்டதன்று. ஆதாரில் 1971 என்றும் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் 1974 என்றும் இருந்தால், ஒருவர் இரண்டு ஆண்டுகளில் பிறந்திருக்க இயலாதாகையால், இரண்டில் ஒன்றாவது தவறாகத்தான் இருக்க வேண்டும். இங்கே தயங்காமல் 'முரண்பாடு' என்று எழுதலாம். வேறுபாட்டுக்கு விளக்கம் தந்தால் பெரும்பாலும் போதும். முரண்பாட்டைத் திருத்தித்தான் ஆக வேண்டும். கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை மேசைக்கு அப்பால் இருப்பவர் கவனிப்பதற்குக் காரணம் இதுவே.

காசோலை இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு. எண்ணால் 50,000 என்றும் எழுத்தால் 'ஐயாயிரம் ரூபாய் மட்டும்' என்றும் எழுதிவிட்டால் அது ஐயமற்ற முரண்பாடு. ஒரே காசோலைக்கு இரு தொகைகள் இருக்க முடியாது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதை முன்னரே எண்ணிப் பார்த்து, 18-ஆவது பிரிவில், எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்று தீர்த்துவைத்திருக்கிறது. எண்ணுக்கு ஒரு சுழியைச் சேர்ப்பது எளிது. எழுத்தை மாற்றுவது அத்துணை எளிதன்று. ஆனால் நடைமுறையில் அத்தகைய காசோலையை வங்கிகள் பெரும்பாலும் திருப்பியே அனுப்புகின்றன. அதைச் சட்டத்திற்கு முரணான செயல் என்று சில வாடிக்கையாளர்கள் எழுதுவதுண்டு. அதுவும் பொருந்தாது. எந்தத் தொகை செல்லும் என்பதைச் சட்டம் சொல்கிறது. ஐயம் எழும்போது எழுதியவரிடமே தெளிவு பெறுவது வங்கியின் எச்சரிக்கை.

இனி, முரண்போலத் தோன்றி முரண் அல்லாத ஒன்றைப் பார்ப்போம். சொல் தவறினால் குடும்பமே பிளவுபடும் இடம் அது. ஒருவர் தம் வைப்புத்தொகைக்கு இளைய மகனை நியமனதாரராகப் பதிவு செய்திருக்கிறார். அவர் எழுதிவைத்த உயிலோ எல்லா உடைமைகளும் மனைவிக்கே என்கிறது. அவர் மறைந்த பின், "நியமனமும் உயிலும் முரண்படுகின்றன, எது செல்லும்?" என்று கேட்டு வருகிறார்கள். முரண்படுகின்றன என்று தொடங்கிவிட்டால், ஒன்று வென்று மற்றது தோற்க வேண்டும் என்றாகிவிடுகிறது. தாயும் மகனும் இரு கட்சிகளாகிவிடுகிறார்கள். உண்மையில் இவ்விரண்டும் ஒரே களத்தில் நிற்கவில்லை. பணத்தை வங்கி யாரிடம் கொடுத்தால் அதன் பொறுப்புத் தீரும் என்பதை நியமனம் சொல்கிறது. அப்பணம் யாருக்கு உரியது என்பதை உயிலோ, உயில் இல்லாதபோது வாரிசுரிமைச் சட்டமோ சொல்கிறது. வங்கி வைப்புத்தொகை குறித்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவாக்கியது: நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர்; அதனாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். மகன் பெற்றுக்கொள்வார், உயிலின்படி தாய்க்குச் சேர்ப்பார். இதில் முரண் எங்கே இருக்கிறது? பேச்சுவழக்கில் 'நாமினி' என்பதை 'வாரிசு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பாதிப் பிணக்கு அந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

கூட்டுக் கணக்கில் நேர்வது இதற்கு எதிரான நிலை. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில் நடக்கும் கணக்கில், கணவர் பணம் எடுக்க வருகிறார். எவருக்கும் பணம் கொடுக்கக் கூடாதென்று மனைவி எழுதிக்கொடுக்கிறார். இரண்டும் செல்லத்தக்க ஆணைகள். இரண்டையும் நிறைவேற்ற முடியாது. "கணக்கு வைத்திருப்போரிடமிருந்து முரண்பட்ட ஆணைகள் வந்துள்ளன" என்று வங்கி எழுதும். இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டுத் தரும்வரை கணக்கை நிறுத்தி வைப்பது பொதுவான வழக்கம். கருத்து வேறுபாடு என்று மென்மையாக எழுதினால் நிலைமை விளங்காது.

இரு விசைகள் ஒன்றை எதிரெதிராக இழுத்து, முடிவு இன்னும் தெரியாத நிலைக்கு 'இழுபறி' என்ற நல்ல சொல் இருக்கிறது. பொருளாதாரச் செய்திகளை எழுதுவோர் அதை மறந்து எல்லாவற்றையும் முரண்பாடு ஆக்கிவிடுகிறார்கள். "விலைவாசிக் கட்டுப்பாடும் வளர்ச்சியும் முரண்பட்டவை" என்பது மிகை. 2016-இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டம், வளர்ச்சியையும் மனத்திற்கொண்டு விலை நிலைத்தன்மையைப் பேணுவதையே பணக்கொள்கையின் முதன்மை நோக்கமாக வைத்திருக்கிறது; இரண்டும் சேர்ந்து நிற்க முடியும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் ரெப்போ விகிதத்தை முடிவு செய்யும் நாளில், ஒன்று அதை மேலே இழுக்கும்; மற்றது கீழே இழுக்கும். "இரு தேவைகளுக்கும் இடையே வட்டி விகிதம் இழுபறியில் உள்ளது" என்று எழுதினால் நிலைமை கண்முன் நிற்கும். வைப்பாளர் நலனும் கடன் பெற்றவர் நலனும் வட்டி விகிதத்தில் முரண்படுகின்றன என்பதோ பிழையற்ற வாக்கியம். ஒரு கையில் வைப்புத்தொகைச் சீட்டும் மறுகையில் வீட்டுக்கடனும் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். அவர் தம்மோடு தாமே முரண்பட வேண்டியதுதான்.

வாக்கிய அமைப்பில் நினைவிற்கொள்ள வேண்டியது சிறிதே. வினையாகும்போது 'உடன்' அல்லது 'ஓடு' வேண்டும்: இக்கூற்று முந்தைய கூற்றுடன் முரண்படுகிறது. பெயரடையாகும்போது 'கு' உருபு வேண்டும்: விதிக்கு முரணான கட்டணம். பெயராகும்போது 'இடையே' பொருந்தும்: இரு பதிவுகளுக்கிடையே முரண்பாடு உள்ளது. மூன்றிலும் இரண்டு தரப்புகளும் வாக்கியத்திலேயே நிற்பதைக் காணலாம். 'முறண்' என்றும் 'முரன்' என்றும் எழுதுவது பிழை. இடையின ரகரமும் டண்ணகரமுமே உரியவை.

தொடக்கத்தில் கண்ட மூன்றாம் வாக்கியம் எஞ்சியிருக்கிறது. "இம்மாதப் பிடித்தம் எனக்கு முரண்பாடாகத் தோன்றுகிறது" என்பதில் பிடித்தம் ஒரு தரப்பு, எதிர்த்தரப்பைக் காணோம். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. "இம்மாதம் பிடிக்கப்பட்ட கட்டணம், தாங்கள் வெளியிட்டுள்ள கட்டண அட்டவணைக்கு முரணாக உள்ளது" என்று எழுதி, அட்டவணையின் படி ஒன்றையும் இணைத்துவிட்டால், அக்கடிதத்திற்கு மழுப்பலான விடை எழுதுவது எங்களுக்குக் கடினம்.