காட்டுத் தீ: வீட்டுக்குள் வரும் புகையைக் கவனியுங்கள்

பிப்ரவரி பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கவலையும் கூடவே வந்துவிடும். போடி, பெரியகுளம் பக்கம் இரவில் மலையைப் பார்த்தால், சிவப்புக் கோடு போலத் தீ ஊர்ந்துபோவது சில நாட்களில் கண்ணில் படும். மே மாதம் வரை இந்தப் பயம்தான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியதை மறக்க முடியுமா?

"தீ மலை மேலதானே எரியுது டாக்டர், வீட்டுக்கா வரப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. தீ வராமல் போகலாம்; புகை வந்துவிடும். அதில் 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு இவற்றை வடிகட்டாது. நுரையீரலின் அடிவரை போய், இதயத்தையும் பாதிக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ரொம்பவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

புகை சூழ்ந்த நாட்களில்

* ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து ஜன்னல், கதவுகளை மூடி, கதவு இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். புகை விலகியதும் திறந்துவிடுங்கள்.
* சாயங்காலம் சாம்பிராணி போடுவது, நொச்சி இலை மூட்டம், கொசுவர்த்தி எல்லாவற்றுக்கும் லீவு விடுங்கள். வடை, அப்பளம் பொரிப்பதும் வேண்டாம். வெளிப்புகை போதாதென்று உள்ளேயும் புகை எதற்கு?
* வெளியே போனால் என்-95 முகக்கவசம் அணியுங்கள். ஈரத்துண்டு சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது.
* தொண்டைக் கரகரப்புக்கு வெந்நீர், ஆடாதோடை மணப்பாகு உதவும். அதிமதுரமும் நல்லதுதான், ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: கஷாயம் குடிக்கிறோமே என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். பேச முடியாத அளவு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பூப்பது, குரல் கம்முவதோடு சளியில் கரி வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் கைவைத்தியம் வேண்டாம்.

தீக்காயம் பட்டால்

முதலில் தண்ணீர்தான். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஐஸ், தோசை மாவு, இங்க், டூத் பேஸ்ட் எதையும் தடவாதீர்கள். எங்கள் மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் உண்டு. அதுகூட சிறிய காயத்துக்கு, வைத்தியர் பார்த்த பிறகுதான். முகம், கை, மூட்டுகளில் பட்ட காயம், கொப்புளம் பெரிதான காயம் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிதான்.

இப்போதே செய்ய வேண்டியவை

வீட்டைச் சுற்றி 30 அடிக்குக் காய்ந்த புல்லை வெட்டிவிடுங்கள். ஓட்டின் மேல் கிடக்கும் சருகைத் தள்ளுங்கள். விறகு, ஓலை, வைக்கோலைச் சுவரோடு அடுக்காதீர்கள். பெருக்கிய குப்பையைக் கொளுத்துவது, அணைக்காத பீடியை வீசுவது இரண்டும் கூடவே கூடாது. காட்டுத் தீயில் பெரும்பாலானவை மனிதர் வைப்பவைதான்.

ஒரு பையில் ஒரு வாரத்து மாத்திரைகள், மருந்துச் சீட்டு, கண்ணாடி, டார்ச், முகக்கவசம், ரேஷன் கார்டு, தண்ணீர் எடுத்து வையுங்கள். தீ நெருங்கினால் 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். 'கிளம்புங்கள்' என்று அதிகாரிகள் சொன்னால் பீரோவைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள். மேட்டை நோக்கி ஓடவும் வேண்டாம். சரிவில் தீ உங்களைவிட வேகமாக ஏறும்.

நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, பிள்ளைகளை யார் பிடித்துக்கொள்வது என்பதை இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். தீ வந்த பிறகு பேச நேரம் இருக்காது.