மறுபிறப்பும் உயிர்த்தெழுதலும்

தில்லி மாநகரில் 1926ஆம் ஆண்டு பிறந்த சாந்தி தேவி, தான் முற்பிறப்பில் மதுராவில் வாழ்ந்து, மகப்பேற்றுக்குப்பின் இறந்த லுக்தி தேவியே என்று இளமையிற் கூறினாள். காந்தியடிகளின் முயற்சியால் அமைந்த குழு 1935இல் அவளை மதுராவுக்கு அழைத்துச் சென்றது. 1936இல் வெளியான அறிக்கை அவள் கூற்றை ஏற்றது. அதனை மறுத்தோரும் உளர். இவ்வரலாற்றைக் காட்டி, "கிறிஸ்தவமும் முன்பு மறுபிறப்பை ஏற்றதே, 553ஆம் ஆண்டுச் சங்கமே அதனை விவிலியத்தினின்று நீக்கிற்று" என்பார் சிலர். இது பொருந்துமா?

பொருந்தாது. அலெக்சாந்திரியா நகரத்து ஆரிஜென் என்னும் அறிஞர், உயிர்கள் உடலெடுக்கு முன்பே இருந்தன எனக் கருதினார். 553இல் கான்ஸ்டாண்டினோபிள் சங்கத்தையொட்டிக் கடியப்பட்டது அக்கருத்தே. உடல்விட்டு உடல் புகுதலையோ ஆரிஜெனே தம் மத்தேயு உரையில் மறுத்துள்ளார். மேலும், நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் ஏடும் சினாய் ஏடும் இன்றும் உள்ளன. அவற்றிலும் மறுபிறப்புப் போதனை இல்லை. மனிதர் ஒருமுறை மரிப்பர், பின்னர் நியாயத்தீர்ப்பு என்பதே எபிரெயர் நிருபத்தின் கருத்து. உயிர்த்தெழுதலாவது இறந்தவரே எழுதல், வேறொரு பிறப்பன்று.

நம் தம்மமும் ஆன்மா கூடுவிட்டுக் கூடு பாய்வதாகக் கூறவில்லை. ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கை ஏற்றுங்கால் சுடர் இடம்பெயர்வதில்லை. ஆயினும் ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று எரிகின்றது. நாகசேனர் மிலிந்தனுக்கு இவ்வாறே விளக்கினார். பற்றைச் சார்ந்து பவமும், பவத்தைச் சார்ந்து தோற்றமும் உண்டாம் என்பது மணிமேகலையில் வரும் அறவண அடிகளின் உபதேசம். ஆகவே சாந்தி தேவியின் கூற்று மெய்யெனக் கொள்ளினும், அழியா ஆன்மா ஒன்று உண்டென்பது அதனால் நிறுவப்படாது.

யோவான் சுவிசேஷத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர், இது இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என வினவுகின்றனர். இரண்டுமன்று என்கிறார் இயேசு. அவ்வினாவில் மறுபிறப்பைத் தேடுவோர் அவ்விடையை நோக்குவதில்லை. நாம் நோக்குதல் வேண்டும். முன்வினை என்னும் சொல்லைக் கொண்டே எளியோரைத் தாழ்த்தியது இந்நாட்டின் பெருங்குற்றம். தில்லி அலிப்பூர்ச் சாலையில் 1956இல் மறைந்த அம்பேத்கர், அடுத்த ஆண்டு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இதனைக் கடிந்துரைத்தார்.

எனவே, கிறிஸ்தவ அன்பரை வாதில் வெல்லுதல் நம் நோக்கமன்று. பிறப்பு ஒன்றென்பாரும் பலவென்பாரும், துன்புறுவோன் ஒருவனைக் காணுங்கால், அவன் வினையை ஆராயாது முதலில் கைகொடுப்பாராக.