காவல்காரனுக்குள் ஒளிந்த கிருமி

ஐஸ்லாந்து குளிர் மிகுந்த ஒரு தீவு நாடு. அங்கே பல குடும்பங்களுக்குச் செம்மறி ஆடுதான் பிழைப்பு. 1933ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து 20 கரகுல் இன ஆடுகளை அங்கே கொண்டுவந்தார்கள். இரண்டு மாதம் அவற்றைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். எந்த ஆட்டுக்கும் நோய் தெரியவில்லை. பிறகு பல பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

சில ஆண்டுகள் சென்றன. ஊர் ஆடுகளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மலை ஏறும் ஆடு பாதி வழியில் இளைத்து நின்றது. தீனி தின்றும் உடம்பு வற்றியது. சில ஆடுகளுக்குப் பின்னங்கால் தள்ளாடியது. மூச்சு நோயை 'மேடி' என்றார்கள். கால் தளர்ந்து உடல் வற்றும் நோயை 'விஸ்னா' என்றார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ் கிருமிதான் என்பது பின்னால் தெரிந்தது.

ஆட்டின் உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி இல்லையா? இருக்கிறது. பிறக்கும்போதே கூட வரும் சக்தி அது. இரத்தத்தில் சில வெள்ளை அணுக்கள் காவல்காரர் போலச் சுற்றும். கிருமியைக் கண்டால் விழுங்கிவிடும். கிருமி புகுந்த அணு இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கும். அது பக்கத்து அணுக்களை உஷார்ப்படுத்தும். அணுவுக்குள் இன்னொரு காவலும் உண்டு. கிருமி தன்னை நகல் எடுக்கும்போது, ஒருவகைப் புரதம் அந்த நகலில் பிழைகளைப் புகுத்திக் கெடுத்துவிடும்.

இவ்வளவு இருந்தும் ஆடு ஏன் தோற்றது? இந்தக் கிருமி குடியிருப்பதே அந்த விழுங்கும் அணுவுக்குள்தான். திருடன் காவல் நிலையத்திலேயே பாய் விரித்துப் படுத்த கதை! பிழை புகுத்தும் புரதத்தை அழிக்கவும் கிருமியிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது. அணு இளசாக இருக்கும்வரை கிருமி சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும். அணு நுரையீரலுக்குப் போய் முதிர்ந்ததும் பெருகும். அதனால் ஆண்டுக்கணக்கில் ஆடு நன்றாகவே தெரியும். பாலைக் குடித்த குட்டிக்கும், குளிர்காலக் கொட்டிலில் மூக்கோடு மூக்கு உரசி நின்ற ஆடுகளுக்கும் அது பரவியது. இரண்டு மாதக் காவல் எப்படிப் போதும்?

பியோர்ன் சிகுர்ட்சன் என்ற ஐஸ்லாந்து விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். 1954இல் இத்தகைய நோய்களுக்கு 'மெதுவான தொற்று' என்று பெயரிட்டார். எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. கிருமியும் இதே இனம்தான். ஆனால் ஆட்டின் கிருமி மனிதரைத் தொற்றாது.

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோய் கண்ட வட்டாரங்களில் எல்லா ஆடுகளையும் வெட்டினார்கள். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் தப்பவில்லை. பட்டிகள் சில காலம் வெறுமையாகக் கிடந்தன. பிறகு நோய் எட்டாத வடமேற்குப் பகுதியிலிருந்து ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1965இல் மேடி நோய் அந்த நாட்டைவிட்டு ஒழிந்தது.